100-ஐத் தாண்டினால் ஹேண்டில் உதறுகிறது: ஸ்டியரிங் டேம்பர் போட்டால் நிற்குமா?

தண்டையார்பேட்டை ரைடர்

வணக்கம் நண்பர்களே. கிளிப்-ஆன் ஹேண்டில் (ஃபோர்க் குழாய்களிலேயே தனித்தனியாகப் பூட்டியது) உள்ள ஸ்போர்ட்ஸ் பைக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வார நாட்களில் எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி என்று கன்டெய்னர் லாரிகள் பெயர்த்துப் போட்ட ரோட்டில்தான் ஓட்டம். ஞாயிறு விடியலில் மட்டும் கும்மிடிப்பூண்டி தாண்டி தடா வரை.

போன வாரம் காரனோடைப் பாலத்தில் ஒரு லாரியை முந்த ஆக்சிலேட்டரை முறுக்கினேன். பாலத்து ஜாயின்ட்டில் முன் சக்கரம் ஏறி இறங்கியதுமே ஹேண்டில் படபடவென இரண்டு பக்கமும் உதற ஆரம்பித்தது. பிடியை இறுக்க இறுக்க உதறல் கூடியது. ஆக்சிலேட்டரை விட்டதும் மெதுவாக அடங்கியது. அப்புறம் கவனித்தால், 70-லிருந்து வேகம் குறையும்போது ஒரு கையை எடுத்தால் 55 வாக்கில் லேசாக ஆடுகிறது.

முன் டயர் சமீபத்தில் மாற்றியது. மெக்கானிக் கோன் செட்டை (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) டைட் செய்தார், சில நாள் சரியாக இருந்தது. பின் சீட்டில் எப்போதும் ஒரு டெயில் பேக் இருக்கும். புதுப்பேட்டையில் ஸ்டியரிங் டேம்பர் (ஹேண்டில் ஆட்டத்தைத் தணிக்கும் ராடு) வாங்கி மாட்டு என்கிறான் நண்பன். மாட்டலாமா?

மாதவரம் 200 அடி

ப்ரோ, இது இரண்டு தனித்தனி அறிகுறி. 55-ல் கையை எடுத்தால் ஆடுவது பெரும்பாலும் டயர், வீல் பேலன்ஸ், கோன் செட் சமாசாரம். பாலத்தில் நடந்தது வேறு: ஆக்சிலேட்டர் முறுக்கும்போது எடை பின்னால் போய் முன் சக்கரம் லேசாகிவிடும். அந்த நேரத்தில் மேடு தட்டினால் சக்கரம் கொஞ்சம் கோணலாகத் தரையில் இறங்கும், நேராகப் பார்க்கும், தாண்டிப் போகும், திரும்ப வரும். இதுதான் உதறல். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்கள்) மற்ற வண்டிகளைவிடச் செங்குத்தாக நிற்பதால் ஹேண்டில் சட்டென்று திரும்பும், அதே காரணத்தால் உதறவும் செய்யும். முதலில் அந்த டெயில் பேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

டயர் போட்ட கடையில் பேலன்ஸ் செய்தார்களா?

தண்டையார்பேட்டை ரைடர்

இல்லை, டயர் மாற்றிக் காற்றடித்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வியாசர்பாடி ஸ்பேனர்

தம்பி, டேம்பர் பேச்சை இப்போதைக்கு ஓரம் கட்டுங்கள். நோய் இருக்கும்போது அது வெறும் வலி மாத்திரை.

கோன் செட்டை டைட் செய்ததும் சரியாகி, மறுபடி வந்தது என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடும். பள்ளத்தில் விழும்போதெல்லாம் பேரிங் பால்கள் தாங்கள் உட்காரும் கப்பில் ஒரே இடத்தில் இடித்து இடித்துக் குழி போட்டுவிடும். குழி விழுந்த கோனை டைட் செய்து பிரயோஜனம் இல்லை, செட்டோடு மாற்ற வேண்டும். அளவுக்கு மேல் இறுக்கினால் இன்னொரு தொல்லை: ஹேண்டில் கெட்டியாகி, மெதுவாகப் போகும்போது வண்டி நேர்கோட்டில் நிற்காமல் அலையும்.

சோதிப்பது சுலபம். முன் சக்கரம் தரையில் படாமல் தூக்க வேண்டும். ஃபோர்க் அடியில் கொடுத்துத் தூக்கும் ஸ்டாண்ட் இதற்கு உதவாது, லூஸ் இருந்தாலும் வண்டியின் எடையே அதை மறைத்துவிடும். பின்னால் பேடாக் ஸ்டாண்ட் (பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துவது), இன்ஜின் அடியில் பலகை வைத்து ஜாக்கி, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். சைலன்சர் பைப் மேல் ஜாக்கி உட்காரக் கூடாது. இரண்டு ஃபோர்க்கையும் கீழே பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் 'டக் டக்' என்று வந்தால் லூஸ். பிறகு ஹேண்டிலை ஒரே விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நடு இடத்துக்கு வரும்போது பள்ளத்தில் விழுந்த மாதிரி ஒரு தடுக்கல் தெரிந்தால் கோன் போய்விட்டது.

தூக்கியது தூக்கியபடி, ஃபோர்க்கில் ஒரு ஜிப் டையைக் கட்டி அதன் நுனி ரிம்மை ஒட்டி நிற்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் பெண்டு. மணலி ரோட்டில் ஓடும் அலாய் வீலுக்கு இது சகஜம். கடைசியாக டயர் பக்கச் சுவரில் 4 இலக்க எண் பாருங்கள்: 2321 என்றால் 2021-ன் 23-வது வாரத்தில் செய்தது. பழைய ஸ்டாக்கைப் புதுசு என்று தள்ளிவிடும் கடைகளும் உண்டு.

காசிமேடு காலை நேரம்

நாலு வழிச்சாலையில் பைக்குக்கு 80தான் வரம்பு. 100-ல் என்ன கேள்வி?

மாதவரம் 200 அடி

சொன்னது சரிதான் அண்ணே, ஆனால் கெட்ட கோனுக்கு வரம்பு தெரியாது, 80-லும் உதறும்.

ப்ரோ, மறுபடி வந்தால் ஹேண்டிலோடு மல்லுக்கட்டாதீர்கள். உங்கள் கை அந்த ஆட்டத்தோடு தாளம் போட்டு அதைக் கூட்டும். முழங்கால்களால் டேங்கைக் கவ்விப் பிடித்து, முழங்கையைத் தளர்த்தி, உடம்பை முன்னால் சாய்த்து எடையை முன் சக்கரத்துக்குக் கொடுங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்கவே கூடாது.

தண்டையார்பேட்டை ரைடர்

அண்ணே, தூக்கிப் பார்த்தாயிற்று. நடுவில் தடுக்கல் நன்றாகவே தெரிகிறது. கழற்றியதும் கீழ்க் கப்பில் பால் பதிந்த குழிகள், கிரீஸ் துரு நிறத்தில். ரிம் நேராக இருக்கிறது, ஆனால் சக்கரத்தை எப்படிச் சுற்றி விட்டாலும் வால்வ் பக்கமே கீழே வந்து நிற்கிறது. புது கோன் செட் போட்டு, பேலன்ஸ் வெயிட் ஒட்டி, காற்றைச் செயின் கவர் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காலையிலேயே பிடித்தேன். டெயில் பேக்கும் இல்லை. 55-ல் இருந்த ஆட்டம் சுத்தமாகப் போய்விட்டது.

ஒரே சந்தேகம். அன்று பாலத்தில் உதறி அடங்கியதும் முன் பிரேக்கைத் தொட்டேன், லீவர் கிட்டத்தட்ட ஹேண்டில் வரை வந்துவிட்டது. இரண்டாவது அழுத்தலில் சரியாகப் பிடித்தது. ஆயில் லீக் இல்லை.

வியாசர்பாடி ஸ்பேனர்

அது பிரேக் கோளாறு இல்லை தம்பி. பலமாக உதறும்போது டிஸ்க் இப்படியும் அப்படியும் ஆடி பிரேக் பேடுகளை, அவற்றைப் பிடித்திருக்கும் காலிபருக்குள் தள்ளிவிடும். இடைவெளி கூடிவிடுவதால் முதல் அழுத்தல் வெறுமையாகப் போகும். அதனால் உதறல் நின்றதும் லீவரை இரண்டு மூன்று முறை லேசாகப் பம்ப் செய்து, பிடிமானம் வந்த பிறகுதான் பிரேக்கை நம்ப வேண்டும்.

டேம்பர் பிறகு வேண்டுமானால் போடுங்கள், உங்கள் மாடலுக்கென்று வருவதை மட்டும். பொதுவாக எல்லா வண்டிக்கும் என்று விற்பதில் ராடு நீளம் போதாமல் ஹேண்டில் முழுசாகத் திரும்பாது, யூ-டர்னில் வண்டியோடு சாய வேண்டியதுதான். முன் சக்கரம் கழற்றி மாட்டியிருக்கிறீர்கள், ஆக்சிலை டைட் செய்த பிறகு ஃபோர்க்கை நாலு முறை அமுக்கி விட்டுத்தானே ஆக்சிலைக் கவ்வும் அடி போல்ட்டை இறுக்கினீர்கள்? இல்லையென்றால் அதை லூஸ் செய்து மறுபடி செய்யுங்கள், ஃபோர்க் முறுக்கி நின்றாலும் வண்டி ஒழுங்காகப் போகாது.