யார் கொடுத்த ரத்தமோ

மகளுக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக வெளிநாட்டில் தங்கியிருந்தோம். கூடப் பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதானாம். அவள் தம்பியுடையது பொருந்தியது. அன்றைக்கே சாமி நம் பக்கம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பழைய மஜ்ஜையை அழிக்கும் கீமோ மருந்து ஆரம்பித்ததும் அந்தத் தைரியம் ஆட்டம் கண்டுவிட்டது.

புது மஜ்ஜை வேலையைத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் வரை ஆகலாம். அதுவரை வெளியிலிருந்து வரும் ரத்தத்தில்தான் பிள்ளையின் பிழைப்பு. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் சாதாரணமாக 1.5 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். இவளுக்கு 10,000-க்கும் கீழே. வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. "பிள்ளையைக் காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டிருந்த நான், "இன்னிக்கு ராத்திரி காய்ச்சல் வராம இருந்தா போதும்" என்ற அளவுக்கு இறங்கிவிட்டேன்.

ஆண்டவன் தாங்க முடியாத கஷ்டத்தைத் தரமாட்டான் என்று போனில் சொன்னவர்கள் நிறையப் பேர். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் போனை வைத்ததும் எரிச்சல்தான் மிஞ்சும்.

பக்கத்து அறைப் பையனின் அம்மா வேறு நாட்டுக்காரர், வேறு மதம். இருவரும் பேசிக்கொண்டதே போனில் இருந்த மொழிபெயர்ப்பை வைத்துத்தான். ஒருநாள் துண்டுத்தாளை நீட்டி மகளின் பெயரை எழுதித் தரச் சொன்னார். அதோடு விடவில்லை. தன் நாக்கில் சரியாக வரும்வரை என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டேன். "தப்பாச் சொன்னா என் பிரார்த்தனை வேற பிள்ளைக்குப் போயிடுமே" என்றார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா, தெரியாது. பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தேன்.

இன்னொன்று, ஒரு ராத்திரி மகளுக்கு மூக்கில் ரத்தம் நிற்கவே இல்லை. பிளேட்லெட் பை வந்தது. வெளிர் மஞ்சளாக, கொஞ்சம் கலங்கலாக இருந்தது. இரண்டு நர்சுகள் அவள் கைப்பட்டையையும் பையிலிருந்த எண்ணையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே ஏற்றினார்கள். பையில் ரத்த வகை, எண், காலாவதி தேதி எல்லாம் இருந்தன. கொடுத்தவர் பெயர் மட்டும் இல்லை. ஒரே ஆளிடமிருந்து மெஷின் வைத்துப் பிரித்தது, எடுத்து 5 நாள், மிஞ்சினால் 7 நாள்தான் வைத்திருக்கலாம் என்றார் நர்ஸ். அப்படியென்றால் அந்த வாரம்தான் முகம் தெரியாத யாரோ கையில் ஊசியோடு ஒன்றரை, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். வேலைக்கு லீவு போட்டாரோ என்னவோ! நான் கும்பிட்டது போய்ச் சேர்ந்ததா என்று அதுவரை ஓடிக்கொண்டிருந்த சந்தேகம், பை சொட்டுச் சொட்டாக இறங்கும்போது நின்றுபோனது.

கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோபில் தொடர்ந்து 3 நாள் 500-க்கு மேல் நின்றால்தான் மஜ்ஜை பிடித்ததாகக் கணக்கு. நின்றது.

ரத்த வங்கி வழியாக நன்றிக் கடிதம் அனுப்பலாம், ஆனால் பெயர், ஊர் எதுவும் எழுதக் கூடாது என்றார்கள். சரி என்று நான் ஒரு பக்கம் எழுதினேன். மகள் அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "ஊசி குத்தினப்போ அழுதீங்களா? நான் அழுதேன்."