ஆர்எக்ஸ் 135 ட்ரெயில் வண்டி பெட்ரோல் குடிக்கிறது: மெயின் ஜெட்டைக் குறைக்கலாமா?

மண்தடம்135:

வணக்கம் நண்பர்களே. வண்டி யமஹா ஆர்எக்ஸ் 135 (2 ஸ்ட்ரோக்), நாலு கியர், சிடிஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன்) மாடல். காட்டுப் பாதைக்காக மாத்தினது. முன் ஹப் ஆர்எக்ஸோடதுதான், அதிலேயே 21 இஞ்ச் ரிம் கோத்து 80/100 பட்டன் டயர் போட்டிருக்கு. பின்னாடி பல் கூடின ஸ்ப்ராக்கெட். கார்பரேட்டர் மிக்குனி விஎம்20, சைலன்சர் கம்பெனியோடது, ஆட்டோலூப் பம்ப் (ஆயிலைத் தானா இன்ஜினுக்கு விடுறது) வேலை செய்யுது.

தார் ரோட்டுலயே மீட்டர்படி லிட்டருக்கு 20 கி.மீ. தாண்டல. சூடானதும் கால் ஆக்ஸிலேட்டர்ல ஒரே சீரா பிடிச்சுப் போனா விட்டு விட்டு அடிக்குது, நாலு ஸ்ட்ரோக் வண்டி மாதிரி சத்தம். முழுசா முறுக்கினா சுத்தமா இழுக்குது. பிளக் கருப்பு, தொட்டா கையில ஈரம். ஏர் ஃபில்டர் ஃபோம் புதுசு. மெயின் ஜெட்டை (கார்பரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடுற துளை போட்ட திருகு) ரெண்டு சைஸ் குறைக்கச் சொல்றாங்க. குறைக்கலாமா?

ஜெட்நம்பர்:

வேண்டாம். நீங்க சொன்ன அறிகுறியிலேயே பதில் இருக்கு. விஎம் கார்பரேட்டர்ல மெயின் ஜெட் ஆட்சி செய்றது முக்கால் ஆக்ஸிலேட்டருக்கு மேலதான். அங்கே உங்க வண்டி சுத்தமா இழுக்குது. கோளாறு கால் ஆக்ஸிலேட்டர்ல. மெயினைக் குறைச்சா கோளாறு அப்படியே இருக்கும், நீளமான மேட்டுல முழுசா முறுக்கும்போது லீன் ஆகி (பெட்ரோல் குறைஞ்சு காத்து கூடி) பிஸ்டன் சீஸ் ஆகும் (சிலிண்டர்ல இறுகிப் பிடிச்சுக்கும்). 2 ஸ்ட்ரோக்ல பெட்ரோல்தான் பிஸ்டனையும் குளிர வைக்குது, மறந்துடாதீங்க.

ஜெட்டைத் தொடுறதுக்கு முன்னாடி கணக்கைச் சரி பண்ணுங்க. ஆர்எக்ஸ் மீட்டர் கேபிள் முன் சக்கரத்துல இருந்து வருது. ஒரிஜினல் 2.75-18 டயரோட விட்டம் சுமார் 597 மி.மீ., 80/100-21 சுமார் 693 மி.மீ. அதாவது ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி 16 சதவீதம் கூடுதலா போகுது, மீட்டர் அதை எண்ணல. உங்க 20 உண்மையில 23. போன்ல ஜிபிஎஸ் வெச்சு தூரத்தை அளந்துக்கங்க. டேங்கை மூடி விளிம்பு வரை நிரப்பி, ஓட்டிட்டு, அதே இடத்துல அதே மாதிரி நிறுத்தி மறுபடி விளிம்பு வரை நிரப்புங்க. சைடு ஸ்டாண்டுல ஒரு தடவை, மெயின் ஸ்டாண்டுல ஒரு தடவைன்னு நிரப்பினா அந்த அளவே பொய்.

23ம் குறைவுதான், அதனால மேல தேடணும். கைப்பிடியில ஒரு துண்டு டேப் ஒட்டி, ஸ்விட்ச் பெட்டியில மூடினது, கால், அரை, முக்கால், முழுசுன்னு கோடு போடுங்க. மூணாவது கியர்ல ஒவ்வொரு கோட்டுலயும் நிலையா பிடிச்சு எங்கே அடிக்குது, எங்கே தெளியுதுன்னு எழுதுங்க. எட்டுல ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் (ஐடிலிங்குக்கான ஜெட்) ஏர் ஸ்க்ரூவும், அங்கிருந்து கால் வரை ஸ்லைடோட (ஆக்ஸிலேட்டர் கேபிள் தூக்குற தடுப்பு) வெட்டு, கால் முதல் முக்கால் வரை ஸ்லைடுல தொங்குற ஊசியும் அது இறங்குற நீடில் ஜெட்டும். எல்லைகள் கொஞ்சம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும், ஆனா எந்தப் பாகத்தைச் சந்தேகப்படணும்னு இது காட்டிடும்.

ஒரு கேள்வி: காலையில குளிர்ந்த இன்ஜின் சோக் போட்டா ஸ்டார்ட் ஆகுதா, போடாமலேயா?

ரீட்வால்வு:

ஜெட்நம்பர் கேட்ட சோக் கேள்வி முக்கியமானது. இந்தக் கார்பரேட்டர்ல சோக்னா காத்தை மறைக்கிற தகடு கிடையாது, தனிப் பாதையில பெட்ரோல் விடுற பிளஞ்சர். அதோட அடியில இருக்கிற ரப்பர் வருஷம் ஆக ஆக கல்லாட்டம் ஆகி, நடுவுல வட்டமா பள்ளம் விழும். அப்புறம் சோக் மூடியிருந்தாலும் பெட்ரோல் கசிஞ்சுக்கிட்டே இருக்கும். சோதனை சுலபம்: நல்லா சூடான இன்ஜின் ஐடிலிங்ல இருக்கும்போது சோக்கைத் தூக்குங்க. உடனே திணறி நிக்கப் போனா பிளஞ்சர் பெரும்பாலும் சரி. எந்த மாற்றமும் இல்லைன்னா ஏற்கெனவே கசியுதுன்னு அர்த்தம்.

அதோட ரீட் பெட்டியை (கலவையை இன்ஜினுக்குள்ள மட்டும் விடுற இதழ் வால்வு) கழட்டி வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க. இதழ் முனை தூக்கியிருந்தா, ஓரம் உடைஞ்சிருந்தா, கலவை திரும்ப கார்பரேட்டர் வழியா பின்னாடி தெறிக்கும். ஜெட்டுக்கு காத்து உள்ளே போகுதா வெளியே வருதான்னு தெரியாது, எந்தப் பக்கம் ஓடினாலும் பெட்ரோலை இழுத்து விடும். ஒரே காத்து உள்ளே, வெளியே, மறுபடி உள்ளேன்னு மூணு தடவை கடந்தா மூணு தடவை பெட்ரோல் ஏறும். ஏர் ஃபில்டர் பக்கம் ரப்பர் குழாய் உள்ளே பெட்ரோல் நனைஞ்சு கிடந்தா இதைச் சந்தேகப்படலாம்.

பழைய2ஸ்ட்ரோக்:

கார்பரேட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி வெளிக் கசிவை முடிச்சிடுங்க. பெட்ரோல் டேப்பை மூடி, குழாயை கார்பரேட்டர்ல இருந்து உருவி ஒரு காலி பாட்டில்ல விட்டு ராத்திரி வைங்க. காலையில பாட்டில்ல பெட்ரோல் இருந்தா டேப் ரப்பர் போச்சு. டேப்பும் ஃப்ளோட் ஊசியும் (கார்பரேட்டர் நிரம்பினதும் பெட்ரோலை அடைக்கிறது) சேர்ந்து கசிஞ்சா பெட்ரோல் கிராங்க் கேஸ்ல இறங்கும், காலையில ரொம்ப நேரம் உதைக்க வேண்டி வரும், வந்ததும் ஒரே புகை.

பிளக் ஈரத்தை மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனையா, கியர் ஆயில் வாசனையா? கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போயிருந்தா கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும். ஆயில் மட்டம் இறங்கும், சூடானதுக்கு அப்புறமும் வெள்ளைப் புகை நிக்காது. மேக்னெட் பக்கத்து சீல் போனா நேர் எதிர்: காத்து உள்ளே வந்து லீன் ஆகும். அதை மறைக்க யாரோ முன்னாடி பெரிய ஜெட் போட்டு விட்டிருப்பாங்க, அப்புறம் மைலேஜ் போச்சுன்னு வண்டி கை மாறும். பழைய வண்டி வாங்கினவங்க இந்த ரெண்டு சீலையும் பார்க்காம ஜெட் மாத்தவே கூடாதுன்னு நான் சொல்வேன்.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பத்தி யாராவது கேட்பீங்க. எத்தனால்ல லிட்டருக்கு சக்தி ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு குறைவு, அதனால சுத்தப் பெட்ரோலோட ஒப்பிட்டா 6–7 சதவீதம் மைலேஜ் போறது இயல்பு. ஆனா அது கலவையை லீன் பக்கம்தான் தள்ளும். பிளக் கருப்பா ஈரமா இருக்கிறதுக்கு இ20 காரணம் ஆகாது.

மண்தடம்135:

ரொம்ப நன்றி. பார்த்தது இதுதான். காலையில சோக் போடாமலேயே ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுது. சூட்டுல சோக் தூக்கினா பெருசா மாற்றம் இல்ல. பிளஞ்சர் ரப்பர்ல வட்டப் பள்ளம் தெளிவா தெரியுது. பெட்ரோல் டேப் கசியல, வாசனை பெட்ரோல்தான், ரீட் இதழ் ஒட்டி உட்கார்ந்திருக்கு. கைப்பிடியில போட்ட கோட்டுல கால் முதல் அரை வரை மோசம், முக்காலுக்கு மேல தெளிவு. ஊசியோட உயரத்தை மாத்துற கிளிப் கடைசிப் பள்ளத்துல கிடந்துச்சு, ஊசி நடுவுல பளபளன்னு ஒரு பட்டை. புது பிளஞ்சர் போட்டதும் ஐடிலிங் சரியாச்சு, சோக் இல்லாம காலையில எழும்பல. ஆனா கால் ஆக்ஸிலேட்டர்ல அடிக்கிறது பாதிதான் குறைஞ்சது. கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாத்தியும் முழுசா போகல. கடையில ஒரு ரிப்பேர் கிட் தர்றாங்க, அதுல ஊசி, ஜெட் எல்லாம் இருக்கு. போடலாமா?

ஜெட்நம்பர்:

குளிர்ல சோக் கேட்க ஆரம்பிச்சது நல்ல சேதி, அந்தக் கசிவு முடிஞ்சது. கிளிப் மேல் பள்ளம்னா ஊசி முழுக்க இறங்கின நிலை, அதுக்கு மேல லீன் பண்ண முடியாது. அங்கேயும் ரிச்சுன்னா (பெட்ரோல் கூடுதல்னா) நீடில் ஜெட் தேஞ்சு போச்சு. அந்தப் பளபளப் பட்டை ஊசி ஜெட் சுவத்துல உரசின இடம். அதிர்வுல ஊசி ஒரே பக்கம் இடிச்சு இடிச்சு வட்டத் துளை முட்டை வடிவமா மாறும். கண்ணுக்குத் தெரியாது.

எவ்வளவு சின்ன தேய்மானம் எவ்வளவு பெட்ரோல்னு பாருங்க. உதாரணத்துக்கு ஜெட் துளை 2.60 மி.மீ., அந்த இடத்துல ஊசி 2.52 மி.மீ.ன்னு வைங்க. பெட்ரோல் ஏறுறது இந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள வளையத்துல மட்டும். துளை 0.05 மி.மீ. அகலமானா வளையத்தோட பரப்பு 60 சதவீதத்துக்கு மேல கூடும். அரை ஆக்ஸிலேட்டர்ல ஊர் சுத்துற வண்டிக்கு மைலேஜ் போற இடம் இதுதான்.

கிட் பத்தி: அதுல இருக்கிற ஜெட்டுல எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கான்னு பாருங்க. மிக்குனி நீடில் ஜெட்ல ஒரு எழுத்து மாறினா 0.05 மி.மீ., எண்ணுல ஒண்ணு மாறினா 0.005 மி.மீ. குறியே இல்லாத ஜெட்டைப் போடுறதும் தேஞ்ச ஜெட்டை வெச்சுக்கறதும் ஒண்ணுதான். உங்க பழைய ஜெட்ல உள்ள அதே குறி, ஊசி மேல் முனையில உள்ள அதே குறி, ரெண்டையும் சேர்த்து வாங்குங்க. பழைய ஊசியோட புது ஜெட் போட்டா ஜெட் சீக்கிரம் தேயும்.

கழட்டும்போது மெயின் ஜெட்டை எடுத்துட்டு, நீடில் ஜெட்டைக் கீழே இருந்து மரக்குச்சியால மேல் பக்கம் தள்ளுங்க, இடுக்கி வேண்டாம். திரும்ப உட்காரும்போது ஜெட் அடியில இருக்கிற வெட்டு, பாடியில உள்ள பின்னுல சரியா விழணும்.

ரீட்வால்வு:

அதே கையோட ஃப்ளோட் ஊசி முனையையும் பாருங்க, சுத்தி வளையம் விழுந்திருந்தா மாத்திடுங்க. கார்பரேட்டரைச் சாய்ச்சு, ஃப்ளோட் நாக்கு ஊசியை லேசா தொடுற நிலையில, ஸ்பிரிங் அமுங்காம உயரத்தை அளக்கணும். கேஸ்கெட் இல்லாம அளக்கணும். சரியான அளவை உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல்ல இருந்து எடுங்க, மத்த விஎம்20ல இருந்து எடுக்காதீங்க. ஜெட் துளையில கம்பி விட வேண்டாம், காத்தும் கார்ப் க்ளீனரும் போதும்.

ஜெட்நம்பர்:

எல்லாம் பூட்டினதும் கிளிப்பை நடுப் பள்ளத்துல வைங்க. ஏர் ஸ்க்ரூவை முழுசா மூடி ஒன்றரை சுத்து திறந்து, சூடான இன்ஜின்ல மெதுவா திருகி ஐடிலிங் எங்கே உச்சமோ அங்கே விடுங்க. ரெண்டரை சுத்துக்கு மேல திறந்தாத்தான் உச்சம் வருதுன்னா பைலட் ஜெட் பெருசு, முக்கால் சுத்துக்குள்ளேயே வந்தா சின்னது.

மெயினை அதுக்கு அப்புறம் சோதிங்க. புது பிளக் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நேர் ரோட்டுல முழு ஆக்ஸிலேட்டர்ல 400 மீட்டர் போய், ஆக்ஸிலேட்டரைக் குறைக்காமலே இக்னிஷனை ஆஃப் பண்ணி, அதே நொடியில கிளட்ச் பிடிச்சு நில்லுங்க. பிளக்கை எடுத்து வெள்ளைப் பீங்கானோட அடி ஆழத்துல பாருங்க, முனையை இல்ல. அங்கே மெல்லிய பழுப்பு வளையம் இருந்தா மெயின் ஜெட் சரி, யார் சொன்னாலும் குறைக்காதீங்க. கரி படிஞ்சிருந்தா ஒரு சைஸ் மட்டும் குறைச்சு இதே சோதனையை மறுபடி செய்யுங்க. வெள்ளையா வெந்திருந்தா வண்டியை ஓட்டாம மேக்னெட் பக்கத்து சீலையும், கார்பரேட்டருக்கும் ரீட் பெட்டிக்கும் நடுவுல உள்ள ரப்பர் விரிசலையும் பாருங்க.