புதுப்பிப்பு: தரவரிசை கோல்ஃப் வீடியோ கேம்களில் பட் பிரிவியூ வேண்டுமா?

தரவரிசைப் போட்டிகளில் பட் பிரிவியூவை (குழியை நோக்கிப் பந்தைத் தரையோடு உருட்டும் 'பட்' அடியில், பந்து போகப்போகும் பாதையை முன்கூட்டியே திரையில் காட்டும் உதவி) எடுத்துவிட வேண்டும் என்று போன இழையில் எழுதியிருந்தேன். "புதியவர்கள் ஓடிவிடுவார்கள்", "அப்படியானால் மூன்று கிளிக் ஸ்விங்கையும் தடை செய்வீர்களா?" இந்த இரண்டும்தான் அதிகம் வந்த பதில்கள்.

இரண்டாவதற்கு முதலில் வருகிறேன். தடை செய்யக் கூடாது. பிஜிஏ டூர் 2கே23 கேமில் வந்த அந்த முறையில் ஸ்டிக்கை இழுக்காமல் பட்டனை மூன்று முறை அழுத்தி அடிக்கலாம்; அதிலும் எந்த நொடியில் அழுத்துவது என்பது ஆடுபவர் கையில்தான். கன்ட்ரோலர் ஸ்டிக்கை நேராக இழுக்க விரல் ஒத்துழைக்காதவர்களுக்கு அது பெரிய வழி. பட் பிரிவியூ வேறு ரகம். 12 அடி பட், பந்து வலப்பக்கம் வளையும். தரையின் சரிவைக் காட்டும் கட்டக் கோடுகளில் (கிரிட்) மணிகள் ஓடும் வேகத்தைப் பார்த்து, குழிக்கு எவ்வளவு இடப்பக்கம் குறிவைப்பது என்று முடிவெடுப்பதுதானே ஆட்டம்! பந்து போகும் பாதையையே வரைந்து காட்டிவிட்டால் மிச்சம் என்ன?

நிஜ கோல்ஃபில் 2019 விதிகளின்படி, போட்டிக் குழு தடுக்காவிட்டால் தூரம் அளக்கும் கருவியைப் பயன்படுத்தலாம். ஏற்ற இறக்கத்தை அளக்கக் கூடாது. அதனால் திரையில் தூரம் தெரிவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

புதியவர்கள் பற்றிய கவலை நியாயமானது. பயிற்சியிலும் சாதாரண ஆட்டத்திலும் எல்லா உதவியும் இருக்கட்டும். தரவரிசையைப் பிரிவியூ உள்ளது, இல்லாதது என்று இரண்டாகப் பிரிக்கலாம் என்றார் ஒருவர். அப்படிப் பிரித்தால், ஆட்கள் குறைந்த நேரத்தில் எதிராளியே கிடைக்கமாட்டார். தரவரிசையின் மேல்நிலைகளில் மட்டும் பிரிவியூவை நிறுத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது. எங்கள் குழுவின் அடுத்த தொடரை அப்படித்தான் நடத்தப்போகிறோம், முடிவுகளை இங்கேயே போடுகிறேன்.