டி.ஓ. கல்லூரி நேர்காணல்: "ஏன் டி.ஓ.?" கேள்விக்கு எப்படித் தயாராவது?

கீழ்வானம்: அமெரிக்காவில் ஓர் ஆஸ்டியோபதி (வழக்கமான மருத்துவத்தோடு கைமுறை சிகிச்சையும் கற்பித்து டி.ஓ. பட்டம் தரும்) மருத்துவக் கல்லூரியிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்திருக்கிறது. மூன்று வாரம் இருக்கிறது. வீடியோவில்தான், முதலில் எம்.எம்.ஐ. (வரிசையாகச் சிறு சிறு சூழல் கேள்விகள் கொண்ட நேர்காணல்), பிறகு இரண்டு பேராசிரியர்களோடு அரை மணி நேரம். "ஏன் டி.ஓ.?" என்றால் "முழு மனிதனையும் பார்க்கும் மருத்துவம்" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. அங்கே வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி.க்கும் விண்ணப்பித்திருக்கிறேன். அதைக் கேட்டால்?

விலாஎலும்பு: வாழ்த்துகள். உங்கள் பதில் தவறல்ல, ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் அதையேதான் சொல்வார்கள். "நல்ல எம்.டி.யும் அப்படித்தானே பார்க்கிறார்?" என்று அடுத்த கேள்வி விழும். அங்கேதான் தடுமாறுவார்கள்.

கொள்கையிலேயே நிற்காமல் உடம்புக்கு இறங்குங்கள். ஆஸ்டியோபதியின் அடிப்படைகள் நான்கு: உடல், மனம், ஆன்மா மூன்றும் ஒன்று, உடம்புக்குத் தன்னைச் சீராக்கிக்கொள்ளும் திறன் உண்டு, உடலின் அமைப்பும் செயல்பாடும் ஒன்றையொன்று சார்ந்தவை, சிகிச்சை இம்மூன்றின்மேல் நிற்கும். இவற்றை ஒப்பிக்க வேண்டாம். மூன்றாவதை மட்டும் எடுத்து ஒரு நோயாளிமேல் வைத்துப் பேசுங்கள். விலா எலும்பு சரியாக அசையாவிட்டால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாது. நிமோனியாவுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் அதே மருத்துவர் விலாவின் அசைவையும் கையால் தொட்டு அறிவது ஏன் உங்களை ஈர்க்கிறது என்று சொல்லுங்கள்.

கைமுறை சிகிச்சை மருந்துக்கு மாற்று என்ற தொனி மட்டும் வந்துவிடக் கூடாது. அமெரிக்க டி.ஓ.க்கள் முழு உரிமம் பெற்ற மருத்துவர்கள். மருந்தும் எழுதலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம். கைமுறைப் பயிற்சி சுமார் 200 மணி நேரம் கூடுதல், அவ்வளவே. வரலாற்றில் ஆஸ்டியோபதியை நிறுவிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், 1874இல் அவர் கொள்கையை அறிவித்தது, 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் முதல் கல்லூரி: இது போதும்.

எம்.டி. விண்ணப்பத்தை மறைக்காதீர்கள். "ஆம், இரண்டுக்கும் போட்டிருக்கிறேன்" என்று ஒரே வரி, உடனே இந்தக் கல்லூரியில் உங்களுக்குப் பிடித்தது. எம்.கேட் (மருத்துவ நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணைக் காரணமாக இழுக்கவே வேண்டாம்.

இன்னும் டி.ஓ. ஒருவரோடு கிளினிக்கில் இருந்து பார்க்கவில்லை என்றால் இந்த மூன்று வாரத்தில் ஒரு நாளாவது போய்விடுங்கள். கைகளை எங்கே வைத்தார், என்ன தேடினார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மணிக்கூண்டு: எம்.எம்.ஐ. பற்றி. வழக்கமாகக் கேள்வியைப் படிக்க 2 நிமிடம், பேச 5 முதல் 8 நிமிடம். உங்கள் கல்லூரியின் கணக்கை அழைப்புக் கடிதத்தில் பாருங்கள். படிக்கும் நேரத்தில் இரண்டு குறிப்பு போதும்: யார் யார் பாதிக்கப்படுகிறார்கள், எந்தத் தகவல் இன்னும் இல்லை. பலரும் எடுத்த எடுப்பிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு மீதி நேரம் முழுக்க அதற்கு முட்டுக்கொடுப்பார்கள். முதலில் சிக்கலைச் சொல்லுங்கள், எதிர்த்தரப்பின் நியாயத்தைச் சொல்லுங்கள், பிறகு முடிவு. கடைசி ஒரு நிமிடத்தைத் துணைக்கேள்விக்கு விடுங்கள். கடிகாரம் வைத்து உரக்கப் பேசிப் பழகுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில்லை.

கீழ்வானம்: நன்றி. "எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா?" என்றால்?

விலாஎலும்பு: மூன்றாம், நான்காம் ஆண்டு ரொட்டேஷன் (மருத்துவமனைப் பிரிவுகளில் மாறி மாறிப் பெறும் பயிற்சி) எங்கே என்று கேளுங்கள். பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மாணவர் வேறு ஊருக்குப் பெயர வேண்டியிருக்கும். இடம் எப்படி ஒதுக்குகிறார்கள், வார்டில் ரெசிடென்ட்டுகளோடு (பட்டம் முடித்துப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்கள்) வேலை செய்வீர்களா, தனி மருத்துவர் ஒருவரோடு மட்டுமா? டி.ஓ. மாணவர்களின் உரிமத் தேர்வான காம்லெக்ஸோடு, எம்.டி. மாணவர்கள் எழுதும் யு.எஸ்.எம்.எல்.இ.யும் எழுத விரும்புவோருக்குப் படிக்க நேரம் விடுகிறார்களா? இணையதளத்தில் இருப்பதைக் கேட்டால் படிக்காமல் வந்தது தெரிந்துவிடும்.

மணிக்கூண்டு: கேமரா கண் மட்டத்தில், வெளிச்சம் முகத்துக்கு முன்னால். அழைப்பில் எழுதியிருப்பது எந்த நேர மண்டலம் என்று இன்றே பார்த்துவிடுங்கள்.