ஃபர்னஸ் புகைபோக்கிப் பைப்பில் தண்ணீர்ச் சத்தம், குளிர் கூடினால் நின்றுவிடுகிறது. உதவுங்கள்!

மார்க்கம்வாசி:
வணக்கம். ஒக்டோபரில் வீட்டைச் சூடாக்கப் புது கேஸ் ஃபர்னஸ் போட்டோம். பழையதற்கு 22 வயது, அதன் புகை சிம்னி வழியாகப் போனது. புதியது 96 சதவீதத் திறன் உள்ளது. இதன் புகை வெள்ளைப் பிளாஸ்டிக் பைப்பில், பேஸ்மென்ட் கூரையை ஒட்டி ஓடிப் பக்கச் சுவரால் வெளியே போகிறது. தெரிந்தவருக்குத் தெரிந்த ஒருவர் மலிவாகச் செய்து தந்தார்.

டிசம்பர் வரை ஒரு குறையும் இல்லை. போன வாரம் மைனஸ் 18 ஆனதிலிருந்து விடியப்புறம் மூன்று மணிக்கு நின்றுவிடுகிறது. நிற்பதற்கு முன் பைப்புக்குள் யாரோ ஸ்ட்ரோ வைத்து அடித் தண்ணீரை உறிஞ்சுவது போல ஒரு களகளச் சத்தம். ஸ்விட்சை நிறுத்திப் போட்டால் மறுபடி ஓடும், ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு. சிவப்பு விளக்கு மின்னும் எண்ணிக்கையைக் கதவின் உட்புறப் பட்டியலோடு பார்த்தால் 'பிரஷர் ஸ்விட்ச் மூடவில்லை' என்று வருகிறது. போட்டவர் போன் எடுப்பதில்லை. பிரஷர் ஸ்விட்ச் ஒன்று வாங்கி நானே மாற்றலாமா? வீட்டில் அம்மாவும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள்.

கந்தர்மடத்தான்:
எனக்கும் இதே கதைதான். பைப் எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே சின்ன ஓட்டை போட்டுத் தண்ணீரை வடித்துவிட்டு டேப் சுற்றினேன். ஒரு குளிர்காலம் தாண்டியது.

நீலச்சுடர்:
அண்ணை, கோபிக்க வேண்டாம், ஆனால் அதை யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அந்தப் பைப்பில் போவது எரிந்த வாயு. டேப்பின் பசை சூட்டிலும் ஈரத்திலும் விட்டால் அது உங்கள் பேஸ்மென்டுக்குள்தான் வரும். உங்கள் வீட்டு ஓட்டையையும் இந்த வாரமே ஆள் வைத்துச் சரிசெய்யுங்கள்.

மார்க்கம்வாசி தம்பி, நான் ஜி-2 என்ற கேஸ் டெக்னீஷியன் சான்றிதழோடு ஒன்டாரியோவில் வேலை செய்கிறேன். பிரஷர் ஸ்விட்சை வாங்காதீர்கள். அது பழுதாகவில்லை, தன் வேலையைச் செய்கிறது: புகையை வெளியேற்றும் விசிறிக்குப் போதிய இழுப்பு இல்லாவிட்டால் ஃபர்னஸை எரிய விடாது. பழைய ஃபர்னஸின் புகை கொதிக்கக் கொதிக்க வெளியேறியது, அதனால் உலோகக் குழாய். புதியது அந்தச் சூட்டையும் உறிஞ்சிக்கொள்வதால் புகை ஆறி, அதிலுள்ள நீராவி தண்ணீராகிறது. கடுங்குளிர் நாளில் லிட்டர் கணக்கில் வரும், அதுவும் அமிலத் தண்ணீர். பைப் சரிவாக இருந்தால் அது திரும்ப ஃபர்னஸுக்கே வந்து வடிகால் வழியாகப் போய்விடும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கேயே தேங்கும். தேங்கிய தண்ணீர் பைப்பின் வழியை அடைக்க, விசிறியால் போதிய அளவு இழுக்க முடியாமல் ஸ்விட்ச் மூடாது. உங்களுக்குக் கேட்கும் களகளச் சத்தம் அதுதான்.

ஒன்றையும் கழற்றாமல் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கூரைச் சட்டத்திலிருந்து பைப் எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது, தொடக்கம், நடு, சுவரோரம் மூன்று இடத்திலும். பைப்பின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்து என்ன. வெளியே பைப்பின் வாயில் பனிக்கட்டி தொங்குகிறதா.

மார்க்கம்வாசி:
நன்றி அண்ணா. மொத்த ஓட்டம் 12 அடி. ஃபர்னஸ் பக்கம் சட்டத்திலிருந்து 5 அங்குலம், நடுவில் 7, சுவரோரம் 6. பைப்பைத் தாங்க மொத்தமே இரண்டு பட்டிதான் கட்டியிருக்கிறார். வெளியே வாயில் விரல் நீளத்துக்குக் கட்டி. பைப்பில் 'டிடபிள்யூவி' என்று இருக்கிறது, வேறு எண் கண்ணில் படவில்லை.

நீலச்சுடர்:
நினைத்தது சரி. அடிக்குக் கால் அங்குலம் ஃபர்னஸை நோக்கிச் சரிவு வேண்டும். 12 அடிக்கு 3 அங்குலம், அதாவது சுவரோரம் உயர்ந்தும் ஃபர்னஸ் பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். உங்களுடையது தொட்டில் மாதிரித் தொங்குகிறது. பட்டி மூன்று நான்கு அடிக்கு ஒன்றாவது கேட்கும், சூடேறினால் பிளாஸ்டிக் இளகும் அல்லவா.

ஆனால் இப்போது சரிவு இரண்டாம் பிரச்சினை. டிடபிள்யூவி என்றால் கழிவுநீர்ப் பைப். இங்கே புகைக்கு யூஎல்சி எஸ்636 (கனடாவின் புகைக்குழாய்த் தரம்) என்று அச்சடித்த பைப் மட்டும்தான் போடலாம். எல்போ, பிரைமர், பசை எல்லாம் அதே கம்பெனியின் அதே வரிசையாக இருக்க வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், 636-லும் வெள்ளை உண்டு, எழுத்துத்தான் சாட்சி. ஆகவே பட்டி கட்டித் தூக்கிவிட்டால் சத்தம் நிற்கும், பிழை நிற்காது. முழுப் பைப்பும் மாற வேண்டும். அதை ஒன்டாரியோவின் கேஸ் பாதுகாப்பைக் கவனிக்கும் டி.எஸ்.எஸ்.ஏ.-இல் பதிந்த ஒப்பந்தக்காரர்தான் செய்ய வேண்டும், நீங்களோ நானோ சனிக்கிழமை பார்ட்டைமாகச் செய்கிற வேலை இல்லை.

சின்னம்மா_பிராம்டன்:
தம்பி, தண்ணீர் சுடவைக்கும் டாங்க் என்ன வகை? எங்கள் வீட்டில் அதுதான் வில்லங்கமானது.

மார்க்கம்வாசி:
அதுவும் கேஸ்தான் அக்கா. அதன் தகரக் குழாய் பழைய சிம்னிக்கே போகிறது. முன்பு ஃபர்னஸும் அதே சிம்னியில்தான் சேர்ந்திருந்தது.

நீலச்சுடர்:
நல்ல கேள்வி கேட்டீர்கள் சின்னம்மா, நான் கேட்டிருக்க வேண்டியது. தம்பி, அந்தச் சிம்னி இரண்டு பேருக்கு அளவெடுத்தது. பெரியவர் விலகியதும் சின்னவர் ஒருவரின் சூடு அதை நிரப்பப் போதாது. புகை மேலே ஏறாமல் அறைக்குள்ளேயே திரும்பலாம். சிம்னிக்குள் சிறிய அளவில் உலோக உள்குழாய் விட்டார்களா?

சாமி அறையில் ஊதுபத்தி இருக்கும்தானே. ஜன்னல், கதவு எல்லாம் மூடி, சமையலறை விசிறியையும் துணி உலர்த்தியையும் ஓடவிடுங்கள். சுடுதண்ணீரைத் திறந்து டாங்க் எரிய விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு டாங்கின் தலைக்கு மேல் குடை போல இருக்கும் இடைவெளியோரம் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். கார்பன் மோனாக்சைட் (எரிந்த புகையில் வரும் மணமில்லாத விஷவாயு) அலாரம் வேலை செய்கிறதா என்று அதற்கு முன்பே பாருங்கள்.

மார்க்கம்வாசி:
இப்போதுதான் பார்த்தேன். புகை உள்ளே போகவில்லை, என் முகத்துக்கு வருகிறது. அலாரம் மாடியில் இருக்கிறது, பட்டனை அமுக்கினால் அடிக்கிறது, ஆனால் இதுவரை தானாக அடித்ததில்லை.

நீலச்சுடர்:
டாங்கை உடனே அணையுங்கள். ஜன்னல்களைத் திறவுங்கள். ஃபர்னஸையும் நிறுத்துங்கள். அம்மாவும் பிள்ளையும் இன்றிரவு சொந்தக்காரர் வீட்டில் படுக்கட்டும், இந்தக் குளிரில் வெப்பம் இல்லாமல் முடியாது. யாருக்காவது தலையிடி, வாந்தி, மயக்கம் இருந்தால் எல்லோரும் வெளியே வந்து 911. அலாரம் அடிக்கவில்லை என்பதை வைத்து ஆறுதல்பட வேண்டாம். 2008-இல் உட்ஸ்டாக்கில் வெளிப்போக்கி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நான்கு பேர் இந்த வாயுவால் இறந்துபோனார்கள். ஒன்டாரியோவின் 2013 அலாரச் சட்டத்துக்கு அவர்கள் பெயர்தான்.

கந்தர்மடத்தான்:
நானும் என் ஃபர்னஸை நிறுத்திவிட்டேன். நாளைக் காலை ஆள் வருகிறார்.

மார்க்கம்வாசி (ஆறு நாள் கழித்து):
எல்லோரும் மச்சாள் வீட்டில் இரண்டு இரவு இருந்தோம். பதிந்த கம்பெனி ஒன்று வந்து பைப் முழுவதையும் 636-ஆக மாற்றியது. நேரே சுவருக்கு ஏறுகிறது, ஐந்து பட்டி. சிம்னிக்குள் உள்குழாய் விட்டார்கள். ஊதுபத்தி வைத்துப் பார்த்தேன், புகை நன்றாக இழுபடுகிறது. வெளியே பைப்பின் வாய் தரையிலிருந்து 7 அங்குலத்தில்தான் இருந்ததாம், பனி குவிந்தால் மூடிவிடும் என்று 20 அங்குலத்துக்கு உயர்த்தினார்கள். கேஸ் மீட்டரிலிருந்து 3 அடி தள்ளியிருக்கிறதா என்றும் அளந்தார்கள். செலவைச் சொன்னால் மனைவி இங்கே வாசித்துவிடுவார்.

நேற்று இரவு மைனஸ் 21. மூன்று மணிக்கு விழிப்பு வந்து காதைக் கொடுத்துப் பார்த்தேன், விசிறிச் சத்தம் மட்டும்தான்.

சின்னம்மா_பிராம்டன்:
பேஸ்மென்டிலும் ஒரு அலாரம் வையுங்கள் தம்பி.

மார்க்கம்வாசி:
வாங்கிவிட்டேன் அக்கா, இரண்டு.