முதல் லெவல் தாண்டறது லாட்டரியாம்ல!

டன்ஜன்தாத்தா:
டி அண்ட் டி, அதான் டைஸ் உருட்டி ஆடற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு பத்தி பக்கத்து திரியில ஒரு மகானுபாவர் எழுதியிருக்காரு, "பழைய டி அண்ட் டி-ல முதல் லெவல்ல பிழைக்கறது லாட்டரி, ஆடறவன் மூளைக்கு அங்க வேலையே இல்ல"ன்னு. படிச்சதுலேருந்து வயிறு எரியுது. டாம் மோல்ட்வே தொகுத்த 1981 பேசிக் ரூல் புக்க எடுத்து சாமான் பட்டியல பாருங்க சார். எண்ணெய் ஒரு குடுவை ரெண்டு பொற்காசு. கொளுத்தி எறிஞ்சு பட்டுச்சுன்னா டி8 அடி, அதாவது எட்டுமுக டைஸ்ல என்ன விழுதோ அவ்வளவு, அடுத்த ரவுண்டு இன்னொரு டி8. அதே புக்ல சாதா ரூல்படி எந்த ஆயுதம் எடுத்தாலும் டி6 தான். கோபோல்டுன்னு ஒரு குட்டி அரக்கன், அவனுக்கு மொத்தமே நாலு ஹிட் பாயிண்ட்டுக்கு (உயிர்க் கணக்கு) மேல கிடையாது. ரெண்டு பொற்காசு! இத வாங்காம போய் செத்துட்டு லாட்டரின்னு ஒப்பாரி.

கொசுவர்த்தி82:
அந்த மகானுபாவர் நான்தான், பேர சொல்லியே திட்டுங்க. எறிஞ்சா படணும்ல? ஆர்க்குங்கற முரட்டு அரக்கனுக்கு ஆர்மர் கிளாஸ், அதாவது கவசக் கணக்கு, 6; முதல் லெவல் ஆளு இருபதுமுக டைஸ்ல 13 போடணும். நூத்துக்கு 40. மேஜிக் யூசருக்கு, அதான் மந்திரவாதிக்கு, டி4 ஹிட் பாயிண்ட், ஒரே ஒரு ஸ்பெல் (மந்திரம்), கிளெரிக்குக்கு (பூசாரி) அதுவும் இல்ல, ஹிட் பாயிண்ட் ஜீரோ ஆனா செத்தான். இது லாட்டரி இல்லாம என்ன? அப்புறம் ஒரு விஷயம், அது லாந்தர்ல ஊத்தற விளக்கு எண்ணெய், பெட்ரோல் இல்ல. விளக்கெண்ணெய எறிஞ்சா ஆர்க்குக்கு பேதிதான் ஆகும்.

டன்ஜன்தாத்தா:
புக்ல டி8-ன்னு அச்சடிச்சிருக்கான். நீங்க என்ன சயின்ஸ் வாத்தியாரா? டிராகன் பறக்கும்போது ரெக்கை கணக்கு கேட்டீங்களா? ரெண்டு பொற்காசு, டி8. ஆரம்பத்துல 3டி6, அதாவது மூணு ஆறுமுக டைஸ், போட்டு பத்தால பெருக்கினா சராசரி 105 காசு கையில இருக்கு. மேஜிக் யூசர் ஆர்மர் போட முடியாது, வேற என்னத்த வாங்குவான், வெத்தலை பாக்கா? 20 குடுவை வாங்கலாம்.

செத்தகுள்ளன்:
வந்துட்டாருய்யா எண்ணெய்ச் செட்டியாரு. போன வருஷம் இவரு கூட ஆடின கேம்ல என் குள்ளன் எப்படி செத்தான்னு கேளுங்க. நான் முன்னாடி நின்னு சண்டை போட்டுட்டிருக்கேன், இவரோட மேஜிக் யூசர் பின்னாலேருந்து குடுவைய எறிஞ்சாரு, டைஸ்ல ஒண்ணு விழுந்துச்சு, என் முதுகுல தீ. ஏழு ஹிட் பாயிண்ட் குள்ளன், ரெண்டே ரவுண்டு.

டன்ஜன்தாத்தா:
அது டிஎம், அதான் கேம நடத்தறவர், எடுத்த முடிவு, நான் எடுத்தது இல்ல. ஒண்ணு விழுந்தா கூட்டாளி மேல படணும்னு எந்த பக்கத்துல இருக்கு காட்டு. நீ மொதல்ல வழிய விட்டு நகர்ந்தியா? சொல்லிட்டுதானே எறிஞ்சேன்.

செத்தகுள்ளன்:
எறிஞ்சிட்டு சொன்னீங்க.

ஓகர்மாமா:
நீங்க ரெண்டு பேரும் கொல்றத பத்தியே பேசறீங்க. ஆர்க்க கொன்னா 10 எக்ஸ்பி (லெவல் ஏற்ற அனுபவப் புள்ளி), அதையும் கூட ஆடற பார்ட்டியில எல்லாருக்கும் பிரிக்கணும். மேஜிக் யூசர் ரெண்டாவது லெவல் போக 2,500 வேணும், தனியா கொன்னாலே 250 ஆர்க். ஆனா ஒரு பொற்காசு வெளிய கொண்டாந்தா ஒரு எக்ஸ்பி. அப்ப எதுக்கு சண்டை, திருடிட்டு ஓடி வா. எதிர்ல வர்றவன் எல்லாம் அடிக்கவா வர்றான், அதுக்குதான் 2டி6 போட்டு ரியாக்‌ஷன் பாக்க சொல்றாங்க. கேரி கைகாக்ஸ் எழுதின 'கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்'ங்கற சாகசப் புக்ல ஒரு ஓகர் (ராட்சசன்) இருக்கான்ல, கோப்லினுங்க 250 காசு மூட்டைய தூக்கி போட்டா அவங்களுக்காக சண்டைக்கு வருவான். அதவிட அதிகமா நீ கண்ணுல காட்டினா, நூத்துக்கு 90 அவன் ரெண்டையும் வாங்கிட்டு குகைக்கு போயிடுவான். முதல் லெவல் ஆளுங்க நாங்க அப்படித்தான் தப்பிச்சோம்.

கொசுவர்த்தி82:
250-க்கு மேல காசு முதல் லெவல்காரன் கையில எங்க மாமா இருக்கும்? இவரு எல்லாத்துக்கும் எண்ணெய் வாங்கிட்டாரே. சரி நான் கேட்டதுக்கு பதில் வரல. விளக்கு எண்ணெய் எரியுமா எரியாதா? நல்லெண்ணெய்ல தீக்குச்சிய போடுங்க, அணைஞ்சுடும். திரி இருந்தாதான் எரியும்.

புதுசு_தீஃப்:
வணக்கம் அண்ணா, நான் இப்பதான் ஆரம்பிக்கறேன். தீஃப் (திருடன்) கேரக்டர் எடுக்கலாம்னு இருக்கேன், ஹிட் பாயிண்ட் ஒண்ணு விழுந்திருக்கு. திரும்ப போடலாமா?

ஓகர்மாமா:
போடலாம் தம்பி. முதல் லெவல்ல ஒண்ணோ ரெண்டோ விழுந்தா திரும்ப போட டிஎம் அனுமதிக்கலாம்னு மோல்ட்வேயே சொல்லியிருக்காரு.

டன்ஜன்தாத்தா:
அனுமதிக்கலாம்! "லாம்"! கட்டாயம் இல்ல. நாங்க ஆடின காலத்துல ஒண்ணு விழுந்தா ஒண்ணோட போனோம், அந்த ஒரு ஹிட் பாயிண்ட்ல ஆரம்பிச்சு நாலாவது லெவல் வரைக்கும் வந்த கேரக்டர் ஷீட் இன்னும் பீரோவுல இருக்கு, காபி கறையோட. எப்படி வந்தேன்? எண்ணெய். தரையில ஊத்தி கொளுத்திட்டு ஓடினா துரத்தறவன் நிப்பான், 13-ம் போட வேணாம் 14-ம் போட வேணாம். கொசுவர்த்தி இத மட்டும் வசதியா விட்டுட்டாரு. ரெண்டு பொற்காசு.

செத்தகுள்ளன்:
அந்த ஷீட்ட நாங்க யாரும் பாத்ததே இல்ல. அவரு ஸ்க்ரீன்னு ஒரு அட்டைய மறைப்பா வெச்சு அதுக்கு பின்னாடி டைஸ் உருட்டற ஆளு, நான் சொல்ல வேண்டியத சொல்லிட்டேன்.

டன்ஜன்தாத்தா:
நான் டிஎம்மா இருக்கறப்பதான் ஸ்க்ரீன் வெப்பேன், ஆடறப்ப இல்ல. நாக்க அடக்கி பேசு. உன் குள்ளன் செத்ததுக்கு ஒரு வருஷமா திவசம் பண்ணிட்டிருக்கே.

கொசுவர்த்தி82:
தரையில ஊத்தினாலும் அதே கேள்விதான். விளக்கு எண்ணெய். எரியுமா.

டன்ஜன்தாத்தா:
உங்களப் பத்தி ஒரே வார்த்தைதான் தோணுது, அதையும் நீங்களே மேல டைப் பண்ணிட்டீங்க. விளக்கெண்ணெய்.

ஓகர்மாமா:
அண்ணே வேணாம்ணே, பெரியவங்க நீங்க. கொசுவர்த்தி நீயும் விடுப்பா. ஸ்லீப் ஸ்பெல் ஒண்ணு போதும், 2டி8 ஹிட் டைஸ் (அரக்கனுங்க பலத்தோட அளவு) அளவுக்கு எதிரிங்க தூங்கி படுத்துடும், தப்பிக்க டைஸ் போடற சேவிங் த்ரோவும் கிடையாது...

டன்ஜன்தாத்தா:
ஒரு நாளைக்கு ஒரு தடவை! பேய், எலும்புக்கூடுக்கு வேலை செய்யாது! எண்ணெய்க்கு அந்த கணக்கு உண்டா?

ஓகர்மாமா:
ஏன்ணே, சில பேய்க்கு எண்ணெயும் பாதி அடிதானே.

டன்ஜன்தாத்தா:
பாதி அடி அடிதானே! நீங்களும் அந்த பக்கம் சாஞ்சிட்டீங்க, சரி.

புதுசு_தீஃப்:
அண்ணா, அப்ப நான் தீஃப் எடுக்கவா?

கொசுவர்த்தி82:
இப்பதான் அடுப்பங்கரையில சோதனை பண்ணேன். கிண்ணத்துல நல்லெண்ணெய், மூணு தீக்குச்சி. மூணும் அணைஞ்சுது. வீட்ல திட்டு வேற. போட்டோ வேணும்னா போடறேன்.

டன்ஜன்தாத்தா:
குடுவை வாய்ல துணிய சொருகி கொளுத்தினீங்களா இல்ல சும்மா குச்சிய போட்டீங்களா, அத மொதல்ல சொல்லுங்க. கிண்ணமாம் கிண்ணம். குடுவைன்னா குடுவை. ரெண்டு பொற்காசு.