இரிடியம் பூசியதும் ஆடியின் வடிவம் கெடுகிறது: உதவி தேவை

குழிவாடி: அவசரம். எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கான ஆடித் துண்டு. கண்ணாடித் தகட்டைக் குவார்ட்ஸ் அச்சின்மேல் உலையில் தொய்யவைத்து எடுத்தபோது வடிவம் நன்றாக இருந்தது. கதிரைத் திருப்புவதற்கான இரிடிய உலோகப் படலத்தைப் பூசியபின் கெட்டுவிட்டது. என்ன செய்யலாம்?

நுண்தூசி: அச்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தூசி அகப்பட்டிருக்கும். எப்போதும் அதுதான்.

அரைமில்லி: கனம் எவ்வளவு? பூச்சு உட்புறமா, வெளிப்புறமா? கெட்டது என்றால் விரிந்ததா, சுருங்கியதா, அலையலையாக இருக்கிறதா?

மூத்தகதிர்: நாடியைக் காட்டாமல் மருந்து கேட்கிறார்கள். எத்தனை முறை எழுதினாலும் யாரும் படிப்பதில்லை. ஒற்றைப் படிகச் சிலிக்கனுக்கு மாறுங்கள். நாசாவின் காடர்ட் மையமே மாறிவிட்டது.

குழிவாடி: 0.4 மி.மீ., உட்புறம். விரிந்துவிட்டது. அலை இல்லை.

அரைமில்லி: அப்படியானால் தூசி இல்லை. தூசி அந்த இடத்தில் மட்டும் மேடு எழுப்பும். பூசுவதற்கு முன்பே தெரிந்திருக்கும். ஸ்பட்டரிங்கில் (அணுக்களைத் தெறிக்கவைத்துப் பூசும் முறையில்) படியும் இரிடியம் அமுக்கத் தகைவோடு, அதாவது நெருக்குண்ட உள்விசையோடு, உட்காரும். அது பரவப் பார்க்கும்போது உட்குழிவு தட்டையாகிறது. படலம் சில பத்து நானோமீட்டர்தான். ஆனால் கண்ணாடியின் கனம் பாதியானால் இந்த வளைவு நான்கு மடங்காகும். அடியில் குரோமியம் பூசுங்கள், அதன் இழுவிசைத் தகைவு எதிர்த்து நிற்கும். பூச்சு அறையில் ஆர்கான் வாயுவின் அழுத்தத்தைக் கூட்டினாலும் தகைவு தணியும். ஆனால் சொரசொரப்பு ஏறிக் கதிர் சிதறும்.

நுண்தூசி: அளக்கும்போது துண்டைப் பிடிக்கும் தாங்கியையும் சந்தேகப்படுங்கள். பூசாத துண்டை எடுத்து எடுத்து வைத்து அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு அளவு வந்தால் பூச்சின்மேல் பழிபோட முடியாது.

மூத்தகதிர்: நாசாவின் சந்திரா எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியில் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கனமான ஆடிகள், அரை ஆர்க் நொடிக் (ஆர்க் நொடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) கூர்மை, 1999 முதல்.

அரைமில்லி: ஆனால் ஒன்றினுள் ஒன்றாக நான்கே அடுக்குகள்! கனமான ஆடியை அதற்குமேல் அடுக்குவது கடினம். நூஸ்டார் என்ற நாசா விண்தொலைநோக்கியில் 0.2 மி.மீ. கண்ணாடி, ஒரு தொகுதிக்கு 133 அடுக்குகள். விமானத்திலிருந்து ஏவிய சிறு ராக்கெட்டே 2012இல் அதைத் தூக்கிச் சென்றது.

மூத்தகதிர்: கூர்மை?

அரைமில்லி: ஏறத்தாழ ஒரு ஆர்க் நிமிடம், அதாவது 60 ஆர்க் நொடி. ஆற்றல் மிகுந்த கடின எக்ஸ் கதிருக்கு அது பெரிய சாதனை.

மூத்தகதிர்: மங்கலான சாதனை.

நுண்தூசி: இதற்குத் தனி இழை தொடங்குங்களேன்.

குழிவாடி: குரோமியம் போட்டேன். விரிவு பெருமளவு அடங்கிவிட்டது. நன்றி.

அரைமில்லி: எவ்வளவு கனம் போட்டீர்கள்? சொரசொரப்பை அளந்தீர்களா?

மூத்தகதிர்: இனி வரமாட்டார்.